பழைய கணினியும் எடை குறைந்த லினக்ஸும்

எடை குறைந்த லினக்ஸ் என்பது தனியொரு இயங்குதளத்தின் பெயரன்று. பழைய கணினியின் செயலிக்கும் நினைவகத்துக்கும் தக்கபடி சுமையை இறக்கிவைத்த பல லினக்ஸ் தொகுப்புகளை அப்படி அழைப்பது வழக்கம். லினக்ஸின் உட்கருவான கெர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கியது இன்டெல் 386 செயலி கொண்ட ஒரு வீட்டுக் கணினியில்தான். பாரம் அதன் மேல் ஏறியது பிற்பாடு: திரையில் சன்னல்களையும் பட்டியல்களையும் வரையும் டெஸ்க்டாப் சூழல், பின்னணியில் ஓயாமல் ஓடும் சேவைகள், எல்லாவற்றையும்விட அதிகமாக விழுங்கும் இணைய உலாவி. நினைவகம் நிரம்பிவிட்டால் கணினி வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். வன்தட்டோ நினைவகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவானது. "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்று மக்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த இடமாற்றத்தின் தாமதமே. இயந்திரத்தில் ஒரு திருகும் தேய்ந்திருக்காது. அதில் ஓடும் மென்பொருள்தான் அதன் கொள்ளளவைத் தாண்டி வளர்ந்திருக்கும். டெஸ்க்டாப்பைச் சிறிதாக்கி, தேவையற்ற சேவைகளை நிறுத்தி, எல்லாவற்றையும் நினைவகத்துக்குள்ளேயே அடங்கச் செய்வதுதான் எடை குறைந்த லினக்ஸின் வேலை.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இந்தத் தேவை எப்படி உருவானது என்பதற்குத் திருவண்ணாமலையின் ரமணாசிரமப் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. அருணாசலேசுவரர் கோயிலிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டரில், கிரிவலப் பாதையில் சேரும் செங்கம் சாலையில் ஆசிரமம் இருக்கிறது. பக்கத்திலேயே சேஷாத்திரி ஆசிரமம், சற்றுத் தள்ளி யோகி ராம்சுரத்குமார் ஆசிரமம். ரமணர் 1950-ல் மறைந்த பிறகும் வெளிநாட்டு அன்பர்களின் வரவு நிற்கவில்லை. கோயில் வாசலுக்கு வருபவர் பெரும்பாலும் ஒரு நாளில் திரும்பிவிடுவார். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவரோ வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குவார். அவருக்கு ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும், பயணச்சீட்டைத் தேதி மாற்ற வேண்டும், பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். கோயிலையொட்டிய தேரடித் தெருவைவிடச் செங்கம் சாலையில் பிரவுசிங் சென்டர்கள் நெருங்கி முளைத்ததற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் தொடங்கியது. தனியார் நிறுவனங்களுக்கு 1998-ல் கதவு திறந்தது. மாவட்டத் தலைநகரங்களுக்கு டயல்-அப் இணைப்பு வந்துசேர்ந்தபோது கூடவே கணினிகளும் வந்தன. அவற்றில் பல புதியவை அல்ல. சென்னையில் ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பெட்டி மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகும். அங்கே நினைவகம் மாற்றி, வன்தட்டு மாற்றி, 'அசெம்பிள்டு' என்ற பெயரில் வெளியூர் போகும். பிரவுசிங் சென்டரில் சில ஆண்டுகள் உழைத்தபின் டிடிபி கடைக்கோ தட்டச்சுப் பயிலகத்துக்கோ வீட்டுக்கோ கைமாறும். ஒரே பெட்டி மூன்று நான்கு கை மாறுவது சாதாரணம். ஒவ்வொரு கையிலும் அதற்கு வயது கூடும். அதில் ஓட வேண்டிய மென்பொருளோ ஒவ்வொரு முறையும் புதிதாகியிருக்கும். விண்டோஸ் 98 சில பத்து மெகாபைட் நினைவகத்தில் ஓடியது. எக்ஸ்பி குறைந்தது 64 மெகாபைட் கேட்டது, 128 இருந்தால் நல்லது என்றது. 2007-ல் வந்த விஸ்டாவுக்கு 512 மெகாபைட்டாவது வேண்டும். விண்டோஸ் 98-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையில் நிறுத்தியது.

லினக்ஸ் அப்போதே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. 1990களின் பிற்பாதியில் பிசிக்வெஸ்ட் இதழ் தன் வாசகர்களுக்கு லினக்ஸ் குறுந்தகடுகளை இணைப்பாகத் தந்தது. நூறு மெகாபைட்டை இறக்கவே இரவுகள் தேவைப்பட்ட அந்நாளில் இந்தியாவில் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அந்தத் தகடுகள் வழியாகத்தான். சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் கிளை உருவாகி மாதந்தோறும் கூடத் தொடங்கியது. ஆனால் வெளியூர்க் கடைக்காரருக்குக் குறுந்தகடு கிடைத்தாலும் அடுத்த தடை காத்திருந்தது: மோடம். கணினிக்குள் பொருத்தும் மலிவான மோடம்களில் பெரும்பாலானவை 'வின்மோடம்' வகை. தொலைபேசி ஒலியைத் தரவாக மாற்றும் வேலையைச் செய்யும் சில்லுகளை நீக்கிவிட்டு, அந்த வேலையை விண்டோஸில் ஓடும் ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்து விலையைக் குறைத்திருந்தார்கள். லினக்ஸில் அந்த மென்பொருள் இல்லை. ஆகவே மோடம் இருந்தும் இல்லாத கதை. தனியே வெளியில் வைக்கும் மோடம் லினக்ஸில் ஒழுங்காக ஓடும், விலைதான் கூடுதல். அப்படியொரு மோடம் வைத்திருந்தவர்களுக்கு லினக்ஸ் வேறு விதத்தில் உதவியது. ஒரு பழைய 486 கணினியில் லினக்ஸ் ஏற்றி, ஒரே தொலைபேசி இணைப்பைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது அக்காலத்தில் உலகெங்கும் நடந்த பழக்கம். திரைகூட இல்லாமல் ஒரு மூலையில் ஓடிய அந்தப் பெட்டிகள்தாம் பழைய கணினியில் லினக்ஸ் கண்ட முதல் பெரிய வெற்றி.

திரையோடு கூடிய பழைய கணினிக்கு லினக்ஸ் ஏற்றதானது 2000-க்குப் பிறகு. ஜெர்மனியின் கிளாவுஸ் குனாப்பர் 2000-ல் வெளியிட்ட நாப்பிக்ஸ், வன்தட்டில் எதையும் நிறுவாமல் குறுந்தகட்டிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டிக் காட்டியது. 700 மெகாபைட் தகட்டில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் மென்பொருளைச் சுருக்கி அடைத்து, வேண்டியபோது வேண்டிய துண்டை மட்டும் விரிக்கும் உத்தி அது. அதன் வழியில் வந்த டாம் ஸ்மால் லினக்ஸ் மொத்தமே 50 மெகாபைட். அட்டை அளவுக் குறுந்தகட்டில் அடங்கும். 16 மெகாபைட் நினைவகம் கொண்ட 486-லும் ஓடும். 128 மெகாபைட் இருந்தால் முழுக்க நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்திரேலியரான பேரி காவ்லர் 2003-ல் தொடங்கிய பப்பி லினக்ஸ் இன்னொரு படி முன்னே போனது. அது தொடங்கும்போதே நினைவகத்துக்குள் குடிபுகும், வேலை முடிந்து அணைக்கும்போது மாற்றங்களை ஒரே கோப்பில் சேமிக்கும். வன்தட்டே பழுதான கணினியும் பப்பியில் உயிர்பெறும்.

தமிழ்நாட்டுச் சூழலில் இந்த அமைப்புக்கு இரண்டு நன்மைகள் இருந்தன. முதலாவது, பென் டிரைவ் வைரஸ். கோப்புறை போலவே தோற்றமளிக்கும் வைரஸ் கோப்புகள் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் பென் டிரைவில் பயணம் செய்த காலம் அது. அவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை, லினக்ஸில் வெறும் கோப்புகளாகக் கிடக்கும். இரண்டாவது, மின்வெட்டு. 2008 முதல் மாநிலத்தில் தொடர்ந்த பற்றாக்குறை 2012-ல் உச்சத்தைத் தொட்டபோது சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று அணையும் கணினியில் கோப்பு முறைமை சிதையும். மறுபடி தொடங்கும்போது வட்டுச் சோதனைக்காக நெடுநேரம் காத்திருக்க நேரும். 2001 நவம்பரில் கெர்னலில் சேர்ந்த இஎக்ஸ்டி3 கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதிவைத்துப் பிறகு செய்வதால் அந்தக் காத்திருப்பைப் பெரிதும் குறைத்தது. நினைவகத்தில் மட்டுமே ஓடும் பப்பிக்கு அந்தக் கவலையே இல்லை. சேமிக்காத வேலை போகும், அவ்வளவுதான்.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் எடை குறைந்த லினக்ஸ் தமிழ்க் கடைகளில் பரவாததற்கு மொழியே முதற்காரணம். இது போதிய அளவு பேசப்படாத விஷயம். ஆகவே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். திரையில் ஆங்கிலத்தைக் காட்டுவது எளிது. ஓர் எழுத்து, ஒரு வடிவம், வந்த வரிசையில் அடுக்கினால் போதும். தமிழ் அப்படியன்று. 'கெ' என்று தட்டினால் கணினியில் முதலில் பதிவாவது ககரம், பிறகு எகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னே வர வேண்டும். 'கொ' என்றால் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தை இருபுறமும் அணைக்க வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோடில்) உள்ள தமிழை இப்படி அடுக்கிக் காட்ட ஒரு தனி இயந்திரம் வேண்டும். லினக்ஸ் உலகில் அந்த வேலையைச் செய்த பாங்கோ, திரையில் பொத்தான்களையும் பட்டியல்களையும் வரையும் கருவித்தொகுப்பான ஜிடிகேயின் இரண்டாம் பதிப்போடு 2002-ல் வந்தது. டாம் ஸ்மால் லினக்ஸ் 50 மெகாபைட்டுக்குள் அடங்கியதற்குக் காரணங்களில் ஒன்று, அது பாங்கோ இல்லாத பழைய ஜிடிகே 1-ஐயும் தில்லோ போன்ற மிகச் சிறிய உலாவியையும் நம்பியது. சுமையை இறக்கும்போது அவர்கள் இறக்கிவைத்தவற்றுள் தமிழும் ஒன்று. அதைச் செய்தவர்கள் தமிழை நினைத்து அப்படிச் செய்யவில்லை. அவர்கள் கணக்கில் எழுத்து என்றால் இலத்தீன் எழுத்து, எஞ்சியதெல்லாம் கூடுதல் சுமை. பழைய கணினியே கிடைக்கும் ஊர்களில்தான் இந்த எழுத்துகளைப் படிப்பவர்கள் அதிகம் என்பதை எண்ணும்போது இது வருந்தத்தக்க இழப்பு.

மறுபுறம், விண்டோஸ் 98-இல் ஒருங்குறித் தமிழ் முறையாக இல்லை. அது விண்டோஸ் 2000-த்தோடுதான் வந்தது. ஆனால் கடைகளில் யாரும் ஒருங்குறிக்குக் காத்திருக்கவில்லை. இலத்தீன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எட்டு பிட் எழுத்துருக்கள் எங்கும் புழங்கின. ஒவ்வொரு நாளிதழின் இணையதளத்துக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வொரு டிடிபி மென்பொருளுக்கும் ஒரு குறிமுறை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறிமுறைகளையும் வரையறுத்தது. இணையத்தில் திஸ்கி வேறாகப் பரவியது. அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துரு வேரூன்றியது. திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், ஆசிரம வெளியீடு எதுவானாலும் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் இந்த எழுத்துருக்களில் ஒன்றைக் கொண்டே கோக்கப்பட்டது. பேஜ்மேக்கர் லினக்ஸில் இல்லை. கடையின் பத்தாண்டு வேலை முழுதும் ஒரு தனிக் குறிமுறையில் பூட்டிக்கிடக்கும்போது, கணினி எவ்வளவு மெதுவானாலும் டிடிபி உரிமையாளர் விண்டோஸை விட முடியாது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறிமுறையையும் தரப்படுத்தி ஆணையிட்டது 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில். அதற்குள் அந்தப் பழைய கோப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன.

இதற்கிடையே தன்னார்வலர்கள் மற்றொரு முனையில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி, தமிழகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த தமிழர்கள் கேடிஇ, க்னோம் ஆகிய டெஸ்க்டாப் சூழல்களின் சொற்றொடர்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினர். 'கோப்பு', 'தொகு', 'உலாவி' போன்ற சொற்கள் பலரது திரைக்கு முதலில் வந்தது இந்த வழியில். ஒரு முரண் இதில் உண்டு. முழுத் தமிழ் கிடைத்த கேடிஇயும் க்னோமும்தாம் லினக்ஸிலேயே கனமானவை. எளிய கணினிக்குத் தமிழ் வேண்டுமென்றால் நடுத்தரமான ஏதேனும் ஒன்று தேவைப்பட்டது. பிரான்சின் ஒலிவியே ஃபூர்தான் 1996-ல் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ பின்னர் ஜிடிகே 2-க்கு மாறியபோது அந்த இடத்தை நிரப்பியது. அதைக் கொண்ட ஷுபுண்டு 2006 ஜூனில் வெளிவந்தது. தைவானில் 2006-ல் பிறந்த எல்எக்ஸ்டிஇ இன்னும் இலகுவானது. அதைக் கொண்ட லுபுண்டு 2011 அக்டோபரில் உபுண்டு குடும்பத்தின் அதிகாரபூர்வ உறுப்பினரானது. இவற்றில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. தமிழ்99 விசைப்பலகையை ஸ்கிம் அல்லது ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்க்கவும் முடிந்தது. தமிழ்க் கணினிப் பயனருக்கு உண்மையில் உதவிய எடை குறைந்த லினக்ஸ் இங்கேதான் தொடங்குகிறது.

அரசும் இந்த வரலாற்றில் நுழைந்தது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-ல் சென்னையில், சி-டாக் நிறுவனத்தையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தையும் கொண்டு அமைந்தது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாக வைத்து அங்கே உருவான பாஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், 2007-ல் வெளிவந்தது. அதே ஆண்டுகளில் மாநில மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாற்றியது. ஊழியர்கள் தட்டச்சு முதல் அட்டவணை வரை தினசரி வேலையை லினக்ஸிலேயே செய்யப் பழகினர். ஒரு மாநில அரசு நிறுவனம் மேசைக் கணினியில் அப்படி முழுமையாக மாறியது அந்நாளில் அரிய முயற்சி.

அடுத்து வந்தது மிகப் பெரியது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் 2 மாணவர்களுக்கும் அவ்வகைக் கல்லூரி மாணவர்களுக்கும் மடிக்கணினி. அதற்குப்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. மூடியில் அன்றைய முதல்வரின் படம் பதித்த அந்தக் 'கவர்மெண்ட் லேப்டாப்' சேராத சிற்றூர் அரிது. தொடக்க ஆண்டுக் கணினிகள் பெரும்பாலும் 2 ஜிகாபைட் நினைவகமும் 320 ஜிகாபைட் வன்தட்டும் கொண்டவை. அவற்றில் விண்டோஸ் 7-உம் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன, தொடங்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒரே திட்டத்தில் லட்சக்கணக்கானோர் கையில் லினக்ஸ் கணினி போய்ச் சேர்ந்தது. ஆயினும் பெரும்பாலான மாணவர்கள் தேர்ந்தது விண்டோஸ் பக்கத்தைத்தான். பள்ளிக் கணினி ஆய்வகத்தில் அவர்கள் கண்டது அது. பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்ததும் அதுவே. லினக்ஸ் பக்கத்தைத் திறந்துகாட்ட ஓர் ஆசிரியரோ அண்ணனோ இருந்த இடங்களில் மட்டும் அது பயன்பட்டது. கணினியைக் கொடுத்த அக்கறையில் ஒரு பங்கு பயிற்சிக்கும் சென்றிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. அதை முன்னிட்டு 2013 செப்டம்பரிலேயே தமிழ்நாடு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தியது. வானவில் கோப்புகளும் பழகிய கையும் அங்கும் குறுக்கே நின்றன. விண்டோஸ் 7-இன் முறை 2020 ஜனவரி 14-ல் வந்தது. இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு. பாடம் கைபேசிக்கும் கணினிக்கும் மாறியதும், பரணில் கிடந்த கவர்மெண்ட் லேப்டாப்கள் தூசி தட்டி இறக்கப்பட்டன. அவற்றில் விண்டோஸ் 10 ஏறும். ஆனால் 2 ஜிகாபைட்டில் நகராது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும் லுபுண்டுவும் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த வழிகளுள் இது முக்கியமானது.

இவற்றை நிறுவும் முறை இப்போது ஓரளவு நிலைபெற்றுவிட்டது. 8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை ரூஃபஸ் அல்லது வென்டாய் கொண்டு ஏற்றுவது முதற்படி. நிறுவாமலே அதிலிருந்து ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது அடுத்தது. இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்களே பின்னால் திண்டாடுகிறார்கள். பிறகு கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிட்டு நிறுவ வேண்டும். இத்தோடு வன்தட்டைக் கழற்றி ஓர் எஸ்எஸ்டி பொருத்தி, நினைவகத்தை 4 ஜிகாபைட் ஆக்கினால் பத்தாண்டு வயதான மடிக்கணினியும் அன்றாட வேலைக்குப் போதும். அவ்வளவு செலவிட முடியாதவர்களுக்கு இசட்ரேம் இருக்கிறது. அது வன்தட்டுக்குப் போக வேண்டிய பக்கங்களை நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கும் உத்தி.

இவற்றைத் தமிழில் சொல்லிக்கொடுத்தவர்களையும் குறிப்பிட வேண்டும். 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும், அதன் வழியாக வந்த எளிய தமிழ் லினக்ஸ் நூல்களும் ஆங்கிலக் கையேடு படிக்க முடியாதவருக்கு வழி திறந்தன. காஞ்சிபுரத்திலும் திருவண்ணாமலைக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தந்துவருகின்றன. பெருநகரத்துக்கு வெளியே இந்த அறிவு தங்கியது இத்தகைய குழுக்களால்தான்.

பழைய கணினிக்கான எல்லைக்கோடும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கெர்னல் 2013-ல் 386 செயலியைக் கைவிட்டது. உபுண்டு 2017-ல் 32 பிட் மேசைக் கணினிப் பதிப்பை நிறுத்தியது. லுபுண்டு 2019-ல் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் இன்டெல் கணினிகளில் நிறுவ முடியாது. நீண்ட இடைவெளிக்குப் பின் 2024-ல் திரும்பி வந்த டாம் ஸ்மால் லினக்ஸின் அளவு 50 மெகாபைட் அன்று, 700 மெகாபைட். இதற்கு உலாவியே பெரும்பொறுப்பு. இயங்குதளம் 400 மெகாபைட் நினைவகத்தில் அடங்கினாலும், திறந்து வைத்த நான்கு இணையப் பக்கங்கள் எஞ்சியதை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத, மற்றபடி திடமான கணினிகள் இப்போது அடுத்த வரிசையில் நிற்கின்றன. அவற்றில் 4, 8 ஜிகாபைட் நினைவகம் இருப்பதால் முன்னெப்போதையும்விட லினக்ஸுக்கு மாறுவது எளிது.

செங்கம் சாலையில் கைபேசி இணையம், குறிப்பாக 2016 செப்டம்பரில் ஜியோ, பிரவுசிங் தொழிலை முடித்துவைத்தது. வெளிநாட்டு அன்பர் இப்போது அறையிலிருந்தபடியே தன் கைபேசியில் பேசிக்கொள்கிறார். இத்தகைய கடைகள் எங்கும் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று மாறின. அந்த வேலைகளில் ஏறத்தாழ அனைத்தும் உலாவியில் நடப்பவை. லினக்ஸுக்கு அங்கே தடையில்லை. தடை மேசையின் மறுபக்கம் இருக்கிறது. இந்தியக் கடைகளில் மிகப் பரவலான அச்சுப்பொறிகளுள் ஒன்று கேனன் எல்பிபி 2900. பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலையைத் தானே செய்யாமல் கணினியில் உள்ள மென்பொருளிடம் விட்டுவிடும் வகை அது; வின்மோடம் செய்ததும் இதையேதான். அதற்குக் கேனன் தந்த லினக்ஸ் இயக்கி பழைய 32 பிட் துணைக்கோப்புகளை எதிர்பார்ப்பதால், புதிய தொகுப்புகளில் நிறுவுவதற்குள் பொறுமை போய்விடும். கைரேகைக் கருவிகளுக்கும் விண்டோஸ் இயக்கியே முதலில் கிடைக்கிறது. ஆகவே இத்தகைய பல கடைகளில் அச்சுப்பொறி பூட்டிய கணினி மட்டும் விண்டோஸில் இருக்க, மற்றவை எதில் ஓடினாலும் சரி என்ற நிலை.